பட்டிப்பொல தாண்டினால் கோச்சிதான் ரோடு

இலங்கை மலைநாட்டில் நானுஓயாவிலிருந்து பதுளைப் பக்கம் கோச்சியில், அதாவது ரயிலில், போகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: எல்ல என்கிற ஊர் வரைக்கும் சீட் கிடைக்குமா? இந்த முறை ஊருக்குப் போனபோது பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு நடுவில் உள்ள சின்ன ஸ்டேஷன்களில் இறங்கிப் பார்த்தேன். அந்தப் பக்கத் தோட்டங்களில் எங்களுக்கு இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

பட்டிப்பொல 1,897 மீற்றர் உயரம், இலங்கையிலேயே உயரமான ஸ்டேஷன். அதைத் தாண்டி ஒரு சுரங்கம், பிறகு ஒஹிய, அதற்கப்புறம் இதல்கஸ்ஹின்ன. நானுஓயா வரை 1885இலும் பண்டாரவளை வரை 1894இலும் பாதை போட்டது தேயிலையை இறக்கத்தான். தோட்டத்து ஆட்களுக்கு இன்றைக்கு வைத்தியசாலை, பள்ளிக்கூடம், சந்தை எல்லாம் அந்தத் தண்டவாளத்தை நம்பித்தான்.

ரோடே இல்லை என்று சொல்ல மாட்டேன். இதல்கஸ்ஹின்னவிலிருந்து தோட்டங்களுக்குள்ளால் ஹப்புத்தளைக்கு ஒரு குறுகிய பாதை இருக்கிறது. ஆனால் கோச்சி போன பிறகு ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ நிற்கும் என்று எண்ணி இறங்காதீர்கள். ஹப்புத்தளையிலிருந்து போன் பண்ணித்தான் வரவழைக்க வேண்டும். பொழுது சாய்ந்து மூடுபனி இறங்கிவிட்டால் வர யோசிப்பார்கள். அதனால் இறங்கிய கையோடு ஸ்டேஷன் மாஸ்டரிடம் திரும்பும் கோச்சி எத்தனை மணிக்கு, அது இங்கே நிற்குமா என்று கேட்டுவிடுங்கள். எல்லா வண்டியும் நிற்காது. டிக்கட்டுக்குக் கையில் சில்லறை வேண்டும், கவுண்டரும் வண்டி வருகிற நேரத்தை ஒட்டித்தான் திறக்கும்.

நாங்கள் கேட்ட எதற்கும் ஸ்டேஷன் ஆட்கள் முகம் சுளிக்கவில்லை. அவர்கள் வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பிரம்பு வளையத்தில் தொங்கும் தோல் பையில் டெப்லட் என்கிற உலோக வில்லை இருக்கும். அது டிரைவர் கைக்கு வராமல் அடுத்த ஸ்டேஷன் வரையான ஒற்றைப் பாதையில் வண்டி நகரக்கூடாது. எதிரெதிரே வரும் வண்டிகள் ஒதுங்கவும் ஸ்டேஷன்தான் இடம். வெறிச்சென்று கிடக்கிறதே, இதை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று கேட்கிறவர்களுக்கு அதுதான் பதில்.

மனம் பொறுக்காதது ஒன்று. திரும்பும்போது வாசற்படி முழுக்கப் படம் எடுக்கிறவர்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள், அதில் பாதிப்பேர் நம்மைப்போல வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். கீழே கிளினிக் கொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி. கார்டு விசில் ஊதியாகிவிட்டது. "தம்பி, உள்ளுக்குத் தள்ளி நில்லுங்க, புள்ளத்தாச்சி ஏறணும்" என்று பெரியம்மா சத்தம் போட்ட பிறகுதான் வழி விட்டார்கள். அந்த வண்டியை விட்டிருந்தால் அவளுக்கு அன்றைக்கு கிளினிக் இல்லை.

முடிந்தால் வார நாளில் போங்கள். விடுமுறைக் காலத்தில் போனால் சின்ன ஸ்டேஷன் வரும்போதாவது வாசலை விட்டு உள்ளே வாருங்கள். பெருமழை என்றால் மண்சரிவில் பாதை மூடப்படலாம், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பொறுப்பில் இருக்கிறவர்களுக்கும் ஒரு கோரிக்கை. பிளாட்பாரம் தாழ்வாக உள்ள இடங்களில் பெட்டியின் முதல் படியே வயசாளிகளுக்கு இடுப்பளவு வருகிறது. பெரியம்மாவை இரண்டு பேர் தூக்கி ஏற்றினோம். ஸ்டேஷனுக்கு ஒரு மரப்படிக்கட்டு செய்து வைத்தாலே போதும்.