மாங்கனீசா, காடோலினியமா, தாமிரமா: புரதத்தில் எதை ஒட்டுவது?

இணையில்லா எலக்ட்ரான் உள்ள ஒன்றைப் புரதத்தில் ஒட்டினால் பக்கத்துப் புரோட்டான்களின் தளர்வு (கிளறிவிட்ட பிறகு பழைய நிலைக்குத் திரும்புவது) வேகமாகி, என்.எம்.ஆர். (அணுக்காந்த ஒத்ததிர்வு) நிறமாலையின் சிகரங்கள் தேய்ந்துபோகும். இந்த விளைவு தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், தேய்மானத்தை வைத்தே தூரத்தைக் கணக்கிடலாம்.

பலரும் முதலில் எடுப்பது எம்.டி.எஸ்.எல். அது உலோகமே இல்லை, நைட்ராக்சைடு, அதாவது இணையில்லா எலக்ட்ரான் உள்ள ஒரு கரிமச் சேர்மம். புரதத்தின் சிஸ்டீன் அமினோ அமிலத்தில் ஒட்டும், அளந்து முடித்ததும் கொஞ்சம் வைட்டமின் சி சேர்த்தால் அதன் காந்த விளைவு அணைந்துவிடும், விளைவில்லாத ஒப்பீட்டு மாதிரி அதே குழாயிலேயே ரெடி. (சிஸ்டீனைக் காக்கப் புரதக் கரைசலில் சேர்க்கும் டி.டி.டி.யை முழுசாகக் கழுவாமல் ஒட்டப் போனால் ஒட்டவே ஒட்டாது, ஒரு வாரம் போச்சு.)

அப்புறம் உலோகம் எதற்கு? எட்டும் தூரத்துக்காக. எலக்ட்ரான் சுழல் எண் (ஸ்பின்) 1/2 உள்ள நைட்ராக்சைடோடு ஒப்பிட்டால் 5/2 உள்ள மாங்கனீசின் விளைவு கிட்டத்தட்ட 12 மடங்கு, 7/2 உள்ள காடோலினியத்துக்கு 21 மடங்கு. கேட்க அமர்க்களம்தான், ஆனால் ஆறாம் மூலம் எடுத்துப் பாருங்கள்: 1.5 மடங்கு தூரம், 1.66 மடங்கு தூரம். மாங்கனீசை விட்டுக் காடோலினியத்துக்குத் தாவினால் கூடுதலாகக் கிடைப்பது 10 சதவீதம்! அதற்காக மட்டும் நான் மாற மாட்டேன். காடோலினியத்தைப் பிடித்து வைக்கும் அதே கூண்டு மூலக்கூறில் டெர்பியம் வைத்துச் சிகர இடப்பெயர்ச்சியும் அளக்கப் போகிறீர்கள் என்றால் சரி, இணையில்லா எலக்ட்ரான் இல்லாத லுட்டீசியத்தை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டு இறங்கலாம்.

என் ஓட்டு, உலோக அயனியை இறுகப் பிடிக்கும் ஈ.டி.டி.ஏ. மூலக்கூறில் மாட்டிய மாங்கனீசுக்கு. 2006-இல் இவஹாரா, க்ளோர் என்ற ஆய்வாளர்கள் டி.என்.ஏ.வில் இதை ஒட்டி, டி.என்.ஏ.வோடு சேரும் ஹாக்ஸ்-டி9 புரதம் தன் இடத்தைக் கண்டுபிடிக்குமுன் வேறு இடங்களில் உட்கார்ந்து பார்ப்பதைக் காட்டினார்கள். அந்த நிலைகளின் பங்கு மிகச் சொற்பம், சாதாரண நிறமாலையில் தலையே காட்டாது. சங்கடம் என்னவென்றால், நைட்ராக்சைடைப் போல மாங்கனீசை அணைக்க வழியில்லை. ஒப்பீட்டுக்கு, மாங்கனீசுக்குப் பதில் கால்சியம் பிடித்த இன்னொரு மாதிரி தனியாகச் செய்ய வேண்டும், இரண்டின் செறிவும் ஒத்துப்போகாவிட்டால் கணக்கெல்லாம் பாழ்.

தாமிரம் வேறு ஜாதி. அதன் எலக்ட்ரான் சில நானோ நொடிகளில் தளர்ந்துவிடுவதால் நெடுந்தூரத்துக்கு உதவாது. ஆனால் திடநிலை என்.எம்.ஆரில் அதுவே வரம்: கோடுகள் அதிகம் அகலாமல் டி1 (அடுத்த ஸ்கேனுக்கு முன் அணுக்கள் பழைய நிலைக்குத் திரும்ப ஆகும் நேரம்) மட்டும் குறையும், ஒவ்வொரு ஸ்கேனுக்கும் காத்திருக்கும் நேரம் மிச்சம். மூன்றாவது இடத்தில் ஹிஸ்டிடின் வருகிற மாதிரி புரதத்தின் என்-முனையை அமைத்தால் தாமிரம் தானாகவே வந்து உட்காரும், ஒட்டுவேலையே வேண்டாம். ஆனால் அதற்கு முன்னால் ஹிஸ்-டேகை (புரதத்தைச் சுத்திகரிக்க ஒட்டும் ஹிஸ்டிடின் வரிசை) வெட்டி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் தாமிரம் அங்கேயும் போய் உட்காரும்.