பி.ஒய்.பி.யா, கேம்பிரிட்ஜா: ஊர் மாறும் குடும்பத்தின் அனுபவம்

எங்கள் மகள் மூன்றாம் வகுப்பு முடித்த ஜூன் மாதம் சென்னையிலிருந்து கோலாலம்பூருக்குக் குடிபோனோம். இரண்டு ஆண்டு கழித்து, அவள் ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டிய நேரத்தில் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தோம். என் வேலை அப்படி. இதற்குள் அவள் நான்கு பள்ளிகளைப் பார்த்துவிட்டாள். முதல் இரண்டும் ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரேட்) அமைப்பின் பி.ஒய்.பி. (பிரைமரி இயர்ஸ் புரோகிராம்) பாடத்திட்டம், அடுத்த இரண்டும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம். இன்டர்நேஷனல் பள்ளியில் எட்டு முதல் பதினொரு வயதுக்குள், அதாவது அப்பர் பிரைமரியில், பிள்ளைகள் என்னதான் படிக்கிறார்கள், இரண்டில் எதில் சேர்க்கலாம் என்று நண்பர்கள் அடிக்கடி கேட்பதால் இதை எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கேம்பிரிட்ஜ் பக்கம்தான். அதற்குக் காரணமும் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்.

அதற்கு முன் ஒரு சின்ன விளக்கம். நம் ஊர் அரசுக் கணக்கில் அப்பர் பிரைமரி என்றால் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை. இந்தப் பள்ளிகளில் அந்தச் சொல் பெரும்பாலும் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளைக் குறிக்கும். கட்டணம், பேருந்து, ஏ.சி. வகுப்பறை, ஆங்கிலப் பேச்சு இதிலெல்லாம் இரண்டு பாடத்திட்டத்துக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. அது பள்ளியைப் பொறுத்தது. ஆகவே அதைத் தாண்டிப் போகிறேன்.

பி.ஒய்.பி. 1997-இல் வந்தது. மூன்று வயது முதல் பன்னிரண்டு வயது வரைக்குமான திட்டம். இதில் பாடநூலை மையமாக வைத்து வகுப்பு நடக்காது. ஆறு பெரிய கருப்பொருள்கள் உண்டு: நாம் யார், நாம் எந்த இடத்தில் எந்தக் காலத்தில் இருக்கிறோம், நம்மை எப்படி வெளிப்படுத்துகிறோம், உலகம் எப்படி இயங்குகிறது, நம்மை எப்படி ஒழுங்கமைத்துக்கொள்கிறோம், பூமியை எப்படிப் பகிர்ந்துகொள்கிறோம். ஆண்டுக்குப் பொதுவாக ஆறு யூனிட். ஒவ்வொன்றும் ஐந்தாறு வாரம் ஓடும். அந்த யூனிட்டுக்குள்ளேயே அறிவியல், சமூகம், மொழி, கணக்கில் ஒரு பகுதி எல்லாம் கலந்து வரும். ஐந்தாம் வகுப்பில், அதாவது கடைசி ஆண்டில், எக்ஸிபிஷன் என்று ஒன்று உண்டு. பிள்ளைகளே ஒரு பிரச்சினையை எடுத்து, வாரக்கணக்கில் விசாரித்து, பெற்றோர் முன்னிலையில் விளக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் தேர்வு எதுவும் கிடையாது.

சென்னைப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் அவளுக்குத் தண்ணீர் யூனிட் வந்தது. அந்த ஆறு வாரத்தை நான் மறக்கவே மாட்டேன். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று ஏரிகளைப் படம் வரைந்து சுவரில் ஒட்டினாள். கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் ஏன் வந்தன என்று கேட்டாள். வீட்டில் ஒரு வாரம் எத்தனை வாளி தண்ணீர் செலவாகிறது என்று நோட்டில் குறித்து, பட்டை வரைபடம் போட்டாள். தெருவில் தண்ணீர் லாரி நின்றபோது, "இது எந்த ஏரித் தண்ணீர்?" என்று ஓட்டுநரிடமே போய்க் கேட்டாள். அவரும் பொறுமையாகப் பதில் சொன்னார். அதுவரை கூச்சப்பட்டு என் பின்னால் ஒளியும் பிள்ளை அவள். அதே பள்ளியில் பெரிய பிள்ளைகளின் எக்ஸிபிஷனுக்கும் போயிருந்தோம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பற்றிப் பேசிய ஒரு பையன், கையில் காகிதம் இல்லாமல், கேட்ட கேள்விக்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னான். பத்து வயதில் எனக்கு அது வந்திருக்காது. பி.ஒய்.பி. தருவது இதைத்தான். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

சரி, பிறகு ஏன் மாற்றினோம்?

கோலாலம்பூர் போனபோது யோசிக்காமல் அங்கேயும் பி.ஒய்.பி. பள்ளியாகவே பார்த்துச் சேர்த்தோம். ஒரே பாடத்திட்டம்தானே, விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று நினைத்தோம். நான் செய்த தவறு அதுதான். பி.ஒய்.பி. என்பது பாடங்களின் பட்டியல் அல்ல, ஒரு சட்டகம். ஆறு கருப்பொருள்கள் எல்லாப் பள்ளிக்கும் பொது. அவற்றின் கீழே எந்த வகுப்பில் எதைப் படிப்பது என்பதை ஒவ்வொரு பள்ளியும் தானே எழுதிக்கொள்ளும். ஐ.பி. வெளியிட்டுள்ள கணக்கு வழிகாட்டியிலும் வகுப்புவாரியாகப் பிரிவு கிடையாது. நான்கு கட்டங்களாகத்தான் பிரித்திருக்கிறார்கள். ஒரு பிள்ளை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை அந்த வகுப்பு ஆசிரியர்தான் அறிவார்.

புதிய பள்ளியில் நான்காம் வகுப்பின் முதல் யூனிட் தண்ணீர்! ஏரிகளுக்குப் பதில் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும். மற்றபடி அதே நீர்ச் சுழற்சி, அதே வாளிக் கணக்கு. "அப்பா, இதைத்தான் நான் முடிச்சிட்டேனே" என்று சொல்லிப் பார்த்தாள், பிறகு சொல்வதையே விட்டுவிட்டாள். இதுகூடப் பரவாயில்லை, திரும்பப் படிப்பதில் நட்டமில்லை. விட்டுப்போனதுதான் பெரிய சிக்கல். சென்னைப் பள்ளியில் மின்சாரம் நான்காம் வகுப்பில் வர வேண்டியது. இந்தப் பள்ளியில் அது மூன்றாம் வகுப்பிலேயே முடிந்துவிட்டது. ஆக மின்சுற்று என்ற ஒன்று அவள் வாழ்க்கையில் வராமலே போயிற்று. பின்னத்திலும் அப்படி ஒரு துளை. கூடப் படித்தவர்கள் பின்னங்களைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். இவள் பிட்சாவை நான்காக வெட்டிய இடத்திலேயே நின்றிருந்தாள். வகுப்பு ஆசிரியர் நல்லவர், நிறைய முயன்றார். ஆனால் இவளுக்கு என்ன தெரியாது என்று அவருக்கு யார் சொல்வது? முந்தைய பள்ளி தந்த போர்ட்ஃபோலியோவில், அதாவது அவள் வேலைகளைத் தொகுத்த கோப்பில், அழகான ஓவியங்களும், "நல்ல கேள்விகள் கேட்கிறாள்" என்ற குறிப்புகளும் இருந்தன. பின்னம் எதுவரை வந்தது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. பெற்றவர்கள் நாங்களும் நான்கு மாதம் கழித்துத்தான் கவனித்தோம்.

அந்த ஜனவரியில் அதே ஊரில் ஒரு கேம்பிரிட்ஜ் பள்ளிக்கு மாற்றினோம்.

கேம்பிரிட்ஜ் பிரைமரி ஸ்டேஜ் 1 முதல் ஸ்டேஜ் 6 வரை. ஐந்து வயதிலிருந்து பதினொரு வயது வரை. ஆங்கிலம், கணக்கு, அறிவியல் மூன்றும் முதுகெலும்பு. கணினி, கலை, இசை, குளோபல் பெர்ஸ்பெக்டிவ்ஸ் (உலகப் பிரச்சினைகளைப் பல கோணத்தில் பார்க்கும் பாடம்) போன்றவற்றில் எதைச் சேர்ப்பது என்பது பள்ளியின் விருப்பம். ஒவ்வொரு ஸ்டேஜிலும் பிள்ளை எதைக் கற்றிருக்க வேண்டும் என்று வரிவரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு. அதன் முதல் இலக்கத்தைப் பார்த்தாலே எந்த ஸ்டேஜ் என்று தெரிந்துவிடும். ஒன்று முதல் பத்து வரை வாய்ப்பாடு ஸ்டேஜ் 4-இல் தெரிந்திருக்க வேண்டும். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால் பருவங்கள் மாறுவது ஸ்டேஜ் 5. இரத்த ஓட்டம், நிலவின் வளர்பிறை தேய்பிறை எல்லாம் ஸ்டேஜ் 6. சென்னையிலும் இதுதான், கோலாலம்பூரிலும் இதுதான், நைரோபியிலும் இதுதான்.

சேர்ந்த முதல் வாரம் கணக்கு ஆசிரியை, அவள் சேர்ந்த ஸ்டேஜ் 5-க்கு முந்தைய ஸ்டேஜ் 4 பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு இவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். அறிவியலிலும் அப்படியே. கடைசியில் பதினாறு வரிகளைப் பென்சிலால் சுழித்து என் கையில் கொடுத்தார். அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எழுத்தில் சொல்ல முடியவில்லை. என் பிள்ளைக்கு என்ன தெரியாது என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. தினமும் மாலை அரை மணி நேரம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். மின்கலம், சின்ன பல்பு, இரண்டு வயர் வாங்கிவந்து சுற்று அமைத்தோம். பல்பு எரிந்ததும் அவள் முகம் ஒளிர்ந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டரை மாதத்தில் பதினாறு வரியும் முடிந்தன.

பட்டியல் போட்டுப் படிப்பது மனப்பாடத்தில் கொண்டுபோய் விடாதா என்று என் மனைவிக்குச் சந்தேகம் இருந்தது. கணக்கைப் பொறுத்தவரை அப்படி நடக்கவில்லை. 2020-இல் திருத்திய பாடத்திட்டத்தில், ஊகித்தல், பொதுமைப்படுத்தல், பிறரை ஒப்பவைத்தல், குறைகண்டு விமரிசித்தல் என்று கணித சிந்தனைக்கே எட்டுக் கூறுகளைச் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் எப்போதும் இரட்டைப்படைதான் வருமா, வரும் என்றால் ஏன் என்று ஒருநாள் ஹோம்வொர்க் வந்தது. புளியங்கொட்டைகளை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து வைத்து, ஒவ்வொரு வரிசையிலும் மிஞ்சும் ஒன்றையும் ஒன்றையும் சேர்த்துக் காட்டினாள். தண்ணீர் லாரிக்காரரிடம் கேள்வி கேட்ட அதே பிள்ளைதான்.

ஆனால் கேம்பிரிட்ஜில் குறையும் இருக்கிறது. ஊரோடு உள்ள தொடர்பு மெலிந்துபோகிறது. உலகம் முழுவதற்கும் ஒரே பட்டியல் என்றால், செம்பரம்பாக்கத்துக்கும் கிள்ளான் ஆற்றுக்கும் அதில் இடம் வராது. வரலாறு, புவியியலை எங்கள் பள்ளி தானாகச் சேர்த்துக்கொண்டது, அதுவும் வாரம் இரண்டு பீரியட்தான். ஸ்டேஜ் 6 முடிவில் செக்பாயின்ட் தேர்வு. வைப்பதா வேண்டாமா என்பது பள்ளியின் முடிவு. வைத்தால் விடைத்தாளைக் கேம்பிரிட்ஜே திருத்தும். கடைசி மூன்று மாதம் பழைய வினாத்தாள்களிலேயே போயிற்று. அவளுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும்தான். இருந்தாலும் அந்த அறிக்கையில் ஒவ்வொரு பாடத்தையும் பகுதி பகுதியாகப் பிரித்து, எதில் பலம், எதில் பலவீனம் என்று கொடுத்திருந்தார்கள். கோவைப் பள்ளி முதல்வர் அதைப் பதினைந்து நிமிடம் புரட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டேஜ் 7-இல் சேர்த்துக்கொள்கிறோம், வடிவியல் மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். போர்ட்ஃபோலியோவைத் தூக்கிக்கொண்டு அலைந்த நாள்களை நினைத்துக்கொண்டேன்.

தமிழ் விஷயத்தில் இரண்டுமே கைகொடுக்கவில்லை. பி.ஒய்.பி.யில் ஏழு வயதுக்குள் இன்னொரு மொழியைத் தொடங்கிவிட வேண்டும் என்ற விதி உண்டு. எந்த மொழி என்பதைப் பள்ளிதான் தீர்மானிக்கும். சென்னையில் தமிழ் கிடைத்தது. கோலாலம்பூரில் நாங்கள் சேர்த்த பள்ளிகளில் கிடைக்கவில்லை. மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உண்டு என்பதால் தமிழ் நூல்களுக்குப் பஞ்சமில்லை. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களே உட்கார வைத்தோம். கோவை வந்தபோது அவளால் வாசிக்க முடிந்தது. எழுத்தில் மட்டும் ல, ழ, ள மூன்றும் இன்னும் இடம் மாறுகின்றன.

கேம்பிரிட்ஜைத் தேர்வு செய்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு கணக்கு உண்டு. கேம்பிரிட்ஜின் வழக்கப்படி ஐ.ஜி.சி.எஸ்.இ. என்ற, நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு போன்ற தேர்வு பதினோராவது ஆண்டில் முடியும். நம் ஊரில் அதைப் பத்தாம் வகுப்பில் முடிக்கும் பள்ளிகள் நிறைய. அப்படியென்றால் நம் ஐந்தாம் வகுப்புதான் அவர்களின் ஸ்டேஜ் 6. சில பள்ளிகளில் வகுப்பு எண்ணும் ஸ்டேஜ் எண்ணும் ஒன்றாகவே ஓடும், அங்கே பின்னால் எங்கோ ஓர் ஆண்டைச் சுருக்குவார்கள். வகுப்பின் எண்ணை மட்டும் கேட்டுச் சேர்த்தால் பிள்ளை ஓராண்டு முன்னேயோ பின்னேயோ போய் விழ வாய்ப்புண்டு. எந்த ஸ்டேஜ் நடத்துகிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.

நான் பார்த்தது இரண்டு பி.ஒய்.பி. பள்ளிகள். அவற்றில் ஒன்றில் ஒரு பருவம் மட்டுமே இருந்தோம். என் மகள் எக்ஸிபிஷன் வரை போகவில்லை, அதனால் அந்தக் கடைசி ஆண்டு ஒரு பிள்ளைக்கு என்ன செய்யும் என்பதைப் பார்வையாளனாக மட்டுமே சொல்ல முடிந்தது. ஒரே ஊரில், ஒரே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை இருக்கப்போகும் குடும்பத்துக்கு நான் சொன்ன சிக்கல் வரவே வராது. அந்தப் பள்ளியின் ஆறு கருப்பொருள்களும் ஆண்டுக்கு ஆண்டு ஒழுங்காகத் தொடர்ந்து வரும். அப்படிப்பட்டவர்கள் கேட்டால் பி.ஒய்.பி.யைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். வீட்டில் சின்னவன் இப்போது இரண்டாம் வகுப்பு. இனி ஊர் மாற மாட்டோம் என்று உறுதியானால் அவன் விஷயத்தில் நானே மறுபடி யோசிப்பேன். அலுவலகத்தில் அந்த உறுதி இன்னும் கிடைக்கவில்லை.

பி.ஒய்.பி.யில் இருக்கும்போதே ஊர் மாற வேண்டிய நிலை வந்தால் ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு பி.ஒய்.பி. பள்ளியிலும் புரோகிராம் ஆஃப் இன்கொயரி என்று ஓர் அட்டவணை உண்டு. எந்த வகுப்பில் எந்தக் கருப்பொருளின் கீழ் என்ன யூனிட் என்று கட்டம் கட்டி எழுதியிருப்பார்கள். பழைய பள்ளியின் தாளையும் புதிய பள்ளியின் தாளையும் கேட்டு வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது இரண்டு முறை வருகிறது, எது விட்டுப்போகிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கணக்குக்குத் தனித் தாள் இருக்கும், அதையும் சேர்த்துக் கேளுங்கள். எனக்கு அப்போது இப்படி ஒரு தாள் இருப்பதே தெரியாது.