பால்வாடியா, எல்கேஜியா? மூன்று வயதுக் குழந்தையை எங்கே விடுவது?

தை பிறந்ததும் எங்கள் பக்கம் அட்மிஷன் தட்டிகள் முளைத்துவிடும். அவிநாசி ரோட்டிலும் பெருந்துறை வழியிலும் கம்பத்துக்குக் கம்பம் தொங்கும். காதுகுத்துக்குப் போனாலும் கெடா வெட்டுக்குப் போனாலும், "பாப்பாவுக்கு மூணு முடிஞ்சுதுங்களா, எங்க சேர்த்தறீங்க?" என்ற கேள்வி பந்தியிலேயே வந்துவிடுகிறது. கேட்பவர் மனதில் பெரும்பாலும் எல்கேஜி மட்டும்தான் இருக்கும். உண்மையில் நம் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. ஊர் பால்வாடி, தனியார் பள்ளியின் எல்கேஜி, மாண்டிசோரி அல்லது பிளே ஸ்கூல், அப்புறம் ஐந்து வயதுவரை அப்பத்தாவிடமோ அம்மாயியிடமோ வீட்டிலேயே விட்டுவிடுவது.

எதை வைத்து ஒப்பிடுவது? "டிசம்பருக்குள்ள ஏ டூ இசட் எழுதிட்டானா?" என்பதுதான் பெற்றோர் பலர் கேட்பது. ஒன்றாம் வகுப்பு எடுக்கும் டீச்சர்களிடம் பேசினால் கதை வேறாக இருக்கும். அம்மாவை விட்டுவிட்டு அரைநாள் இருக்கிறதா, பாத்ரூம் வந்தால் வாய்விட்டுச் சொல்கிறதா, தன் முறை வரும்வரை பொறுக்கிறதா, "பைய வச்சுட்டு டம்ளர எடுத்துட்டு வா சாமி" என்று இரண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னால் இரண்டையும் செய்கிறதா, இவைதான் அவர்களுக்கு முக்கியம். எழுத்து இதற்கெல்லாம் பிறகு வருவது. 1840-ல் ஜெர்மனியில் 'கிண்டர்கார்டன்' என்று பெயர் வைத்த ஃபிரோபெலும் குழந்தைகளுக்குக் கொடுத்தது பந்து, மரக்கட்டை, பாட்டு, தோட்டவேலை ஆகியவற்றைத்தான்.

ஐம்பது வரை கடகடவென்று ஒப்பிக்கும் ஒரு நான்கு வயதுக் குழந்தையின் முன்னால் புளியங்கொட்டையைக் கொட்டி, "ஏழு எடுத்துக் குடு கண்ணு" என்று கேட்டுப் பாருங்கள். பல குழந்தைகள் கை நிறைய அள்ளிக் கொடுக்கும். வாயில் எண் ஓடுகிறது, விரல் அதோடு சேரவில்லை. பல்லாங்குழியில் குழிக்கு ஒன்றாகப் போட்டுப் பழகிய பிள்ளை முப்பதுக்கு மேல் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏழைச் சரியாக எடுத்துவைக்கும். இந்த இரண்டு பிள்ளைகளில் கணக்குக்குத் தயாராக இருப்பது இரண்டாவதுதான்.

சரி, முதலில் பால்வாடி. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் வருபவை இந்த அங்கன்வாடிகள். கட்டணம் கிடையாது. மதியச் சாப்பாடு, சத்துமாவு, வாரத்தில் மூன்று நாள் முட்டை உண்டு. பாடத்திட்டமே இல்லை என்று நினைப்பவர்கள் அதிகம். அது தவறு. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று பாட்டு, கதை, பொம்மை, வரிசைப்படுத்தல் எல்லாம் வைத்து மாதவாரியாக ஒரு பாடத்திட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. நன்றாக நடக்கும் மையத்தில் ஒரு காலைப் பொழுதைப் பார்த்தால் தெரியும். பாயில் வட்டமாக உட்கார்ந்து, டீச்சர் 'மரம்' என்றால் 'ம', 'ர', 'ம்' என்று கை தட்டிப் பிரிப்பார்கள். ஒலியைக் காதால் பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அப்புறம் எழுத்து சுலபமாக ஒட்டும். நடந்து போகும் தூரம் என்பதும் சாதாரண வசதி இல்லை. திருப்பூர் பக்க மையங்களில் பனியன் கம்பெனிக்கு வந்த வடநாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகளும் சேர்ந்து உட்காருவதால், வேறு பேச்சு பேசும் பிள்ளையோடும் விளையாடப் பழகிக்கொள்கிறார்கள்.

குறை எங்கே என்றால், ஆள். டீச்சர் ஒருவர், உதவியாளர் ஒருவர். அந்த டீச்சரே எடை எடுக்க வேண்டும், கர்ப்பிணிப் பெண்களுக்கு மாவு கொடுக்க வேண்டும், தடுப்பூசிக்கு வீடு வீடாகச் சொல்ல வேண்டும், பதிவேடும், பிள்ளைகளின் எடை, சாப்பாட்டுக் கணக்கைப் பதியும் போஷன் செயலியும் நிரப்ப வேண்டும். பணியிடம் காலியாக இருந்தால் பக்கத்து ஊர் மையத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகளோடு உட்கார எவ்வளவு நேரம் மிஞ்சும்? தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அவற்றில் ஒரு பகுதி மையங்களில் முன்பருவக் கல்விக்கென்று அரைநாள் வேலைக்கு இன்னொருவரைப் போட்டார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை வருடத்தில் கணக்கிலும் மொழியிலும் அந்தப் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். பழைய டீச்சருக்கு மற்ற வேலைக்கு நேரம் கிடைத்ததால் ஊட்டக்குறைவும் குறைந்தது. கட்டடம் மாறவில்லை, வண்ணச் சுவர் வரவில்லை. பிள்ளையோடு உட்கார ஒரு ஆள் கூடுதலாகக் கிடைத்தார், அவ்வளவுதான்.

இனி எல்கேஜி. ஏழே முக்கால் மணிக்கு இட்டேரி வழியாக மஞ்சள் வேன் வரும். டை கட்டி, ஷூ போட்டு, பாதித் தூக்கத்தில் ஏறும் குழந்தை ஏழெட்டு ஊர் சுற்றி ஒன்பது மணிக்குப் பள்ளிக்குப் போகும். மாலையில் அதே சுற்று. அதன் நோட்டை ஒருநாள் பிரித்துப் பார்த்தேன். நாலு கோடு நோட்டில் பக்கம் முழுக்க ஒரே எழுத்து. முதல் இரண்டு வரி ஒழுங்கு, மூன்றாவது வரியில் எழுத்து கோட்டை விட்டு இறங்குகிறது, கடைசி வரியில் பென்சில் அழுத்தித் தாளே கிழிந்திருக்கிறது. மூன்று வயதில் பென்சிலை முஷ்டியாகத்தான் பிடிப்பார்கள். விரல் நுனிக்குப் பிடி வர களிமண் பிசைய வேண்டும், மணி கோக்க வேண்டும், காகிதம் கிழிக்க வேண்டும். அதற்கு நேரமில்லாத வகுப்பில் எழுதுவது தண்டனையாகிவிடுகிறது.

எல்லாப் பள்ளியும் இப்படி என்று சொல்லமாட்டேன். வகுப்புக்கு இருபது பிள்ளைகளை வைத்து, கதையும் விளையாட்டுமாக நடத்தும் தனியார் பள்ளிகளும் இங்கே இருக்கின்றன. நேரம் தவறாமை, ஒரு பிள்ளைக்குப் பத்துத் தோழர்கள், ஆங்கிலம் காதில் விழுவது என்று லாபங்களும் உண்டு. ஆனால் பலர் எல்கேஜிக்கு ஓடுவது படிப்புக்காக இல்லை, சீட்டுக்காக. பெயர் வாங்கிய பள்ளிகளில் எல்கேஜியிலேயே இடம் நிரம்பிவிடும், ஒன்றாம் வகுப்பில் உள்ளே போவது கஷ்டம். கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஒதுக்கும் 25 சதவீத இடமும் சேர்க்கை தொடங்கும் வகுப்பில்தான், அதாவது பெரும்பாலும் எல்கேஜியில்தான். இந்தக் கணக்கு நியாயமான கணக்கு. கோவை நகரத்துக்குள் பல பள்ளிகளில் பணம் கட்டிச் சேரும் எல்கேஜி சீட்டின் விலை ஆண்டுக்கு அரை லட்சத்தைத் தாண்டுகிறது என்பதையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

"மூணு வயசுல எழுதலைனா பின்தங்கிடுவானுங்களா?" என்று பயப்படுபவர்களுக்காக ஒரு விஷயம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டியில் 1962 முதல் 1967 வரை 123 ஏழைக் குழந்தைகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் நல்ல முன்பருவப் பள்ளி கொடுத்தார்கள். தினம் இரண்டரை மணி நேரம், வாரம் ஒருமுறை டீச்சரே வீட்டுக்கு வருவார். அறிவுத்திறன் தேர்வில் கிடைத்த முன்னிலை சில வருடங்களில் கரைந்துபோனது. ஆனால் நாற்பது வயதுவரை தொடர்ந்து பார்த்ததில், பள்ளிப்படிப்பை முடித்ததிலும் சம்பாத்தியத்திலும் அந்தப் பிரிவுதான் முன்னால் நின்றது. சீக்கிரம் கற்றுக்கொண்ட பாடம் நிற்கவில்லை, பழக்கம் நின்றது. பாதி நாள் வகுப்பு அதற்குப் போதுமானதாக இருந்தது என்பதை வேனில் இரண்டு மணி நேரம் போகும் பிள்ளைகளின் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

மாண்டிசோரி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளை தானே பொருளைத் தொட்டுப் புழங்கிக் கற்றுக்கொள்ளும் முறை, 1907-ல் ரோமில் தொடங்கியது. அதை உருவாக்கிய மரியா மாண்டிசோரியே 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். முறை அருமையானது. சிக்கல் என்னவென்றால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம். உள்ளே போய் ஒன்றை மட்டும் பாருங்கள்: மூன்று வயதும் ஐந்து வயதும் ஒரே அறையில் கலந்து இருக்கிறதா? வயதுவாரியாகப் பிரித்து, ஆளுக்கொரு ஒர்க்‌ஷீட் கொடுத்தால் அது எல்கேஜிதான், கட்டணம் மட்டும் மாண்டிசோரி.

வீட்டில் விடுவதைப் பழமை என்று தள்ளிவிட முடியாது. பேச்சு வளர அப்பத்தாவைப் போல ஆள் கிடையாது. தோட்டத்தில் தண்ணி கட்டும்போது கூடவே போகும் பிள்ளை மடை, வரப்பு, கன்னுக்குட்டி, கீரிப்பிள்ளை என்று ஒரு நாளைக்கு நூறு கேள்வி கேட்கும். அந்தச் சொல் வளம்தான் பிற்பாடு படித்துப் புரிந்துகொள்ள உதவுவது. ஆனால் ஒரு தலைமுறைக்கு முன்னால், வீடுகள் ஒட்டியிருக்கும் வளவுக்குள்ளேயே ஏழெட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். சண்டை, சமாதானம், முறை விடுவது எல்லாம் அங்கேயே நடந்தது. இன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கு வளவில் ஒரு குழந்தைகூட இருக்காது, எல்லாம் வேனில் போயிருக்கும். மீதி இருப்பது அப்பத்தா, டிவி, போன். அப்பத்தாவுக்கு முட்டி வலி, அடுப்பு வேலை வேறு. பத்து மணிக்கு மேல் போன்தான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறது. அதனால் வீடு மட்டும் என்பது நான்கு வயதுக்கு மேல் எனக்கு ஒப்பவில்லை.

என்னைக் கேட்டால், கிராமத்தில் இருந்து, டீச்சர் ஒழுங்காக வரும் மையமும் பக்கத்தில் இருந்தால், மூன்று வயதில் காலையில் பால்வாடி, மதியத்துக்கு மேல் அப்பத்தா. இந்த ஜோடியைப் பெரும்பாலான எல்கேஜிகளால் ஜெயிக்க முடியாது. அதே பள்ளியில் பன்னிரண்டாவது வரை படிக்க வைக்கப்போகிறோம், பள்ளி அரைமணித் தூரம் என்றால் எல்கேஜி சரி. இரண்டு பேரும் ஷிஃப்டுக்குப் போகும் திருப்பூர் வீட்டில் நேரம்தான் முடிவு செய்யும், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்தில் இருக்கும் 2,381 அங்கன்வாடிகளில் 2019-லிருந்து எல்கேஜி, யுகேஜி வகுப்புகள் நடக்கின்றன. 2022-ல் அதை நிறுத்தப் பார்த்து, எதிர்ப்பு வந்ததும் தொடர்ந்தார்கள். உங்கள் ஊரில் இருந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள், பலருக்கு அது இருப்பதே தெரியாது.

வயதுக் கணக்கையும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் ஜூலை 31-க்குள் ஐந்து முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. கேந்திரிய வித்யாலயாவில் மார்ச் 31-க்குள் ஆறு முடிந்திருக்க வேண்டும். ஆகஸ்டில் பிறந்த பிள்ளைகளுக்கு எப்படியும் ஒரு வருடம் கையில் மிஞ்சும். அந்த வருடத்துக்கு 'ப்ரீ-கேஜி' என்று பணம் கட்டாதீர்கள். பால்வாடியில் பேர் கொடுத்துவிடுங்கள், முட்டையாவது கிடைக்கும்.