பொய்ப் பணத்தில் காமிக்ஸ் முதலீடு: ஆறு ஆண்டுகள் விளையாடிய அனுபவம்

2020 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நாகர்கோவில் வடசேரியில் உள்ள என் வீட்டில் ஐந்து பேர் கூடி இந்த விளையாட்டைத் தொடங்கினோம். ஆளுக்கு 10,000 டாலர் பொய்ப் பணம். அதைக் கொண்டு, சேகரிப்பாளர்கள் தேடி வாங்கும் அமெரிக்க காமிக்ஸ் இதழ்களை நோட்டுப் புத்தகத்தில் ‘வாங்கி’ வைத்துக்கொள்ளலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை விலை போட்டுப் பார்க்க வேண்டும். ஆண்டு முடிவில் யாருடைய கையிருப்பு கூடியிருக்கிறதோ அவருக்கு மற்ற நால்வரும் சேர்ந்து ஒரு மட்டிப்பழக் குலை வாங்கித் தர வேண்டும். மார்த்தாண்டத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பர், தக்கலையில் இருக்கும் என் மைத்துனர், குளச்சல் ஆசிரியர் ஒருவர், குழித்துறையிலிருந்து வரும் செவிலியர் தங்கை, நான் என்று அதே ஐவர்தான் இன்றும் ஆடுகிறோம்.

இவ்வளவு காலம் இந்த ஆட்டம் சலிக்காமல் போவதற்கு ஒரே ஒரு விதிதான் காரணம் என்று நினைக்கிறேன். ஏலத்தில் முடிந்துபோன விலையை மட்டுமே கணக்கில் எழுத வேண்டும்; விற்பவர் கேட்கும் விலைக்கு இடமில்லை. தொடக்கத்தில் எனக்கு இது தேவையற்ற கண்டிப்பாகத் தோன்றியது. ஓர் இதழுக்கு இணையத்தில் 3,000 டாலர் கேட்டிருப்பதைப் பார்த்துவிட்டு அதையே என் கையிருப்பின் மதிப்பாக நான் எழுதப் போனபோது, ஜெராக்ஸ் கடை நண்பர் நோட்டை மடக்கி, “வித்த வெலையச் சொல்லு மக்கா, கேட்ட வெல எதுக்கு?” என்றார். பெரிய ஏல நிறுவனங்கள் முடிந்த விலைகளை எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுகின்றன. அதே இதழின் அதே தரமுள்ள பிரதி சில வாரங்களுக்கு முன்புதான் கேட்ட விலையில் பாதிக்கும் குறைவாகக் கைமாறியிருந்தது. வெளியிடப்படும் விலையில் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தரும் கட்டணமும் சேர்ந்தே இருப்பதால், விற்பவர் கைக்கு அவ்வளவும் வராது. ஆகவே, விற்றதாக எழுதும் ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு 20 கழிப்பது என்று அன்றே எங்களுக்குள் முடிவு செய்தோம்.

அடுத்துப் பழக வேண்டியிருந்தது தரப்புள்ளி. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய சி.ஜி.சி. என்ற நிறுவனம், ஒரு பிரதியைப் பக்கம் பக்கமாக எண்ணிப் பார்த்து 0.5 முதல் 10 வரை புள்ளியிட்டுக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூட்டில் மூடித் தருகிறது. 9.8 பெற்ற பிரதிக்கும் 9.4 பெற்ற பிரதிக்கும் வெறும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாமல் போகலாம். விலையிலோ பல மடங்கு வேறுபாடு வரும். 1938இல் 10 சென்டுக்கு விற்ற, சூப்பர்மேன் முதலில் தோன்றிய ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் 8.5 புள்ளிப் பிரதி 2024இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஸ்பைடர்மேன் முதலில் வந்த 1962ஆம் ஆண்டு இதழின் 9.6 பிரதி 2021இல் 36 லட்சம் டாலர் பெற்றது. இவை எங்கள் 10,000 டாலருக்கு எட்டாதவை. ஆயினும் ஏன் இந்த விலை என்பதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு அமெரிக்கா வரை போக வேண்டியிருக்கவில்லை. 1984இல் தொடங்கி மாதம் இருமுறை வந்த ராணி காமிக்ஸை நாங்கள் படித்து முடித்ததும் அம்மாக்கள் கிலோக் கணக்கில் ஆக்கர் கடைக்குப் போட்டார்கள். 1972 முதல் வந்த முத்து காமிக்ஸின் பழைய இதழ்களுக்கும் அதே கதிதான். பிள்ளைகள் கிழித்ததும் வீட்டார் எடைக்குப் போட்டதும் போக எஞ்சிய சிலவற்றுக்குத்தான் இன்று மதிப்பு.

இதை மறுபக்கமாகக் காட்டியவர் குளச்சல் ஆசிரியர். 1991இல் வந்த எக்ஸ்மென் முதல் இதழைச் சில டாலர் வீதம் நூறு பிரதிகள் வாங்கியதாக எழுதினார். முதல் இதழ், புகழ்பெற்ற நாயகர்கள், முப்பது ஆண்டுப் பழமை என்று அவர் சொன்ன காரணங்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் அந்த இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் பிற்காலத்தில் விலை ஏறும் என்று நம்பிப் பத்திரமாக உறையிலிட்டு வைத்தார்கள். எல்லாரும் காப்பாற்றி வைத்த பொருள் யாருக்கும் அரிதாகவில்லை. அந்தக் காலத்து முதலீட்டு மோகம் சில ஆண்டுகளில் சரிந்தபோது கடைகள் பல மூடப்பட்டன. எக்ஸ்மென் இதழை வெளியிட்ட மார்வெல் நிறுவனமே 1996 டிசம்பரில் திவால் மனுத் தாக்கல் செய்தது. ஆசிரியருடைய நூறு பிரதிகள் இன்றும் நோட்டில் அப்படியே கிடக்கின்றன.

நான் செய்த பிழை வேறு வகை. மூன்நைட் என்ற மார்வெல் நாயகர் முதலில் தோன்றிய 1975ஆம் ஆண்டு இதழை வாங்கியிருந்தேன். அவரைப் பற்றித் தொலைக்காட்சித் தொடர் வருகிறது என்று 2019இல் வந்த அறிவிப்பினால் ஏறியிருந்த விலை, பெருந்தொற்றுக் காலத்தில் சந்தை முழுவதும் சூடேறியபோது இன்னும் ஏறியது. தொடர் வெளியாகும் 2022 மார்ச் வரை காத்திருந்தால் உச்சம் கிடைக்கும் என்று நம்பினேன். விலையோ தொடர் வருவதற்கு முன்பே இறங்கத் தொடங்கிவிட்டது. அதே இதழை வைத்திருந்த செவிலியர் தங்கை விலை இறங்கும் முன்பே விற்றுவிட்டிருந்தார். அந்த ஆண்டுக் குலை அவருக்குப் போனது. உண்மைப் பணமாக இருந்திருந்தால் அந்த இழப்பை நான் வீட்டில் மறைத்திருப்பேன்; பொய்ப் பணம் என்பதால், எந்த நாளில் என்ன நினைத்து விற்காமல் இருந்தேன் என்பதை நால்வர் முன்னிலையில் தேதிவாரியாகப் படித்துக் காட்ட முடிந்தது.

விளையாட்டில் பெருங்குறை ஒன்று உண்டு. நோட்டில் எழுதிய இதழ் நனைவதில்லை, பழுப்பதில்லை. எங்கள் மாவட்டத்திலோ தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். கடற்காற்றில் உப்பும் இருக்கும். 2021 நவம்பரில் பெய்த பெருமழைக்குப் பிறகு, பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து என் சொந்தப் பழைய இதழ்களைப் பார்த்தேன். நடுவில் அடித்த பின்கள் துருப்பிடித்து, அந்தத் துரு காகிதத்துக்குள் ஒரு பழுப்பு வளையமாகப் பரவியிருந்தது. விரலால் மெல்லத் தூக்கியதும் பின்னைச் சுற்றிய காகிதம் பொடிந்து நடுப்பக்கம் தனியே வந்தது. அட்டையின் பளபளப்பை இராமபாணப் பூச்சி அங்கங்கே சுரண்டித் தின்றிருந்தது. வசம்புத் துண்டுகள் பூச்சியைக் கொஞ்சம் தடுத்திருக்கலாம். ஈரத்தை என்ன செய்ய முடியும்? அதன் பிறகுதான், பாதுகாப்புச் செலவாக ஆண்டுக்கு நூற்றுக்கு 2 கழிக்கும் விதியைச் சேர்த்தோம். அது குறைவு என்பதே என் கருத்து. மைத்துனர் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்.

தமிழ் இதழ்களையும் ஆட்டத்தில் சேர்க்க எனக்கு மிகுந்த ஆசை. ஆனால் அவை தனிப்பட்ட முறையில் கைமாறுவதால், முடிந்த விலை என்று பொதுவில் பார்க்க ஒன்றும் இல்லை. கேட்கும் விலையை எழுதினால் முதல் விதியே உடைந்துவிடும். ஒருமுறை ஆசையை அடக்க முடியாமல் உண்மைப் பணம் கொடுத்தே ஒரு பழைய தமிழ் இதழை அஞ்சலில் வரவழைத்தேன். பிரித்துப் பார்த்தால் நடு நான்கு பக்கங்கள் ஜெராக்ஸ். மார்த்தாண்டத்து நண்பர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். விற்றவர் அதற்குப் பிறகு பதில் தரவில்லை.

அந்த அனுபவத்துக்குப் பிறகு எக்ஸ்மென் நாயகர் வோல்வரின் முதன்முதலில் முழுமையாகத் தோன்றிய 1974ஆம் ஆண்டு ஹல்க் 181ஆம் இதழை நான் பார்க்கும் விதம் மாறிவிட்டது. அதன் வாசகர் கடிதப் பக்கத்தில், வெட்டி ஒட்டிச் சேகரிப்பதற்காக ஒரு சிறு முத்திரை அச்சிட்டிருந்தார்கள்; அந்தக் காலப் பிள்ளைகள் பலர் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார்கள். முத்திரை போன பிரதி, அட்டை எவ்வளவு நன்றாக இருந்தாலும், தரத்திலும் விலையிலும் வெகுவாக இறங்கிவிடும். மூன்நைட்டை விற்று மிஞ்சிய பணத்தில் வரும் ஜனவரியில் இந்த இதழைத்தான் எழுதப் போகிறேன்: உயர்ந்த புள்ளி வேண்டாம், 4.0 போதும், முத்திரை இருக்கிறது என்று ஏலக் குறிப்பில் சொல்லப்பட்ட பிரதியாக இருக்க வேண்டும்.