சிவில் படித்தவள் நிதித்துறைக்குப் போனால்: சி.ஏ.வா, வங்கி அதிகாரித் தேர்வா?

அப்பா கொத்தனார் என்பதால் நான் சிவில் பொறியியல் எடுத்தேன். குமரி மாவட்டத்தில் எங்கள் ஊரான கருங்கல் பக்கம் இது யாருக்கும் வியப்பாக இருக்காது. மூன்றாம் ஆண்டு முடிவதற்குள், கட்டடத்தைவிட அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் என் மனம் போகிறது என்று தெரிந்துவிட்டது. 2023-இல் கல்லூரி முடித்தபோது நிதித்துறைக்கு நான்கு வழிகள் தெரிந்தன. வங்கி அதிகாரித் தேர்வை எடுத்தேன், இப்போது வேலையிலும் இருக்கிறேன். ஆகவே இந்தத் தராசு ஒரு பக்கம் தாழ்ந்துதான் இருக்கும்.

இரண்டை உடனே ஒதுக்கிவிட்டேன். பழைய ஐ.ஐ.எம்.களில் எம்.பி.ஏ. கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டும். ஒரு கடனில் படித்து முடித்தவளுக்கு அடுத்த கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. முதலீட்டு ஆய்வாளருக்கான சி.எஃப்.ஏ. பட்டயத்துக்கு மூன்று நிலைத் தேர்வு, கட்டணம் டாலரில், போதாததற்கு 4,000 மணி நேரப் பணி அனுபவம். அதன் பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்த்ததோடு சரி, அதற்குமேல் பேச எனக்குத் தகுதியில்லை.

மீதி இருந்தவை சி.ஏ. என்னும் பட்டயக் கணக்காளர் படிப்பும் வங்கியும். பி.இ.யில் 60 சதவீதம் வைத்திருப்பவர் அடிப்படைத் தேர்வு எழுதாமல் நேரே சி.ஏ. இடைநிலைக்குப் போகலாம் என்பது எங்கள் வகுப்பில் பலருக்குத் தெரியாது. 2023 ஜூலையில் வந்த புதிய திட்டத்தில் ஆடிட்டரிடம் பயிற்சிக் காலமும் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்தது. ஆனால் இடைநிலைத் தாள்களைப் பிரித்து வைத்திருக்கும் இரண்டு குரூப்பையும் முடித்த பிறகே பயிற்சியில் சேர முடியும். எட்டு மாதப் படிப்பு, இரண்டு ஆண்டுப் பயிற்சி, அதன்பின் ஆறு மாதம் கழித்து இறுதித் தேர்வு: எங்கும் சறுக்காதவருக்கே மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். சறுக்குவதோ எளிது. தாளுக்கு 40, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். ஒரு தாளில் 39 வாங்கினால் குரூப்பே போயிற்று. என் சித்தி மகள் நாகர்கோவிலில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பயிற்சியில் இருக்கிறாள். வரித் தணிக்கை நெருக்கும் செப்டம்பர் மாதம் அவளை வீட்டில் பார்ப்பதே அரிது. படிப்பின் ஆழத்தில் வங்கித் தேர்வு சி.ஏ.வுக்குப் பக்கத்தில்கூட நிற்காது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

இருந்தும் என் முடிவைத் தீர்மானித்தது பாடம் அல்ல, கல்விக் கடன். நான்கு லட்சம் வரை பிணை கேட்காமல் தருகிறார்கள். படிப்பு முடிந்து ஓர் ஆண்டு வரை தவணை கிடையாது. அந்த ஓர் ஆண்டு இனாம் போலத் தோன்றும். வட்டி மட்டும் பணம் வாங்கிய நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் கணக்கில் மாதத் தவணை 7,100 ரூபாய் என்று வந்தபோது அப்பா அந்தத் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. அது அவருடைய ஒரு வாரக் கூலி. அதன்பிறகு எனக்கு இருந்தவை இரண்டே கேள்விகள்: எந்த வழியில் சம்பளம் முதலில் வரும்? தோற்றால் கையில் என்ன மிஞ்சும்?

பொதுத்துறை வங்கிகள் பலவற்றுக்கும் பொதுவான அதிகாரித் தேர்வைத்தான் எழுதினேன், விண்ணப்பக் கட்டணம் 850 ரூபாய். முதல்நிலையில் 100 கேள்வி, 60 நிமிடம், மூன்று பகுதிக்கும் தலா 20 நிமிடம், தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் போய்விடும். வீட்டிலேயே எழுதிப் பழகினேன். கைப்பேசி மணி அடித்ததும் அம்மா அடுப்படியிலிருந்து, "அடுத்த பகுதிக்குப் போ" என்று குரல் கொடுப்பார். கணக்குக்குப் பொறியியல் போதும், மிச்சமும் இருக்கும். என்னைக் கவிழ்த்தது முதன்மைத் தேர்வின் நிதி, பொது அறிவுப் பகுதி. முதல் முறை அங்கேதான் விழுந்தேன். அடுத்த முறை தேறி வேலையில் சேர்வதற்குள் பத்துத் தவணைகளை அப்பாதான் கட்டினார்.

ஆனால் விழுந்த ஆண்டு வீணாகவில்லை. ஸ்டேட் வங்கி, எழுத்தர் தேர்வு, கிராம வங்கி, எல்.ஐ.சி. எல்லாம் ஏறக்குறைய இதே தயாரிப்பைத்தான் கேட்கின்றன. ஒரு பாயை விரித்து நான்கு இடத்தில் உட்காரலாம். சி.ஏ. இடைநிலையில் ஒரு குரூப் போனவருக்கு மறுபடி அதே குரூப்தான். வங்கி அதிகாரியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 48,480 ரூபாய், படிகள் தனி. முதல் மாதமே தவணை என் கணக்குக்கு மாறிவிட்டது.

இதற்கு விலை இடமாற்றம். மலையாளம் தெரியுமே, கேரளத்தில் போடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். போட்டது ஆந்திரத்தில் ஒரு சிற்றூர். சித்தி மகள் தினமும் பஸ்ஸில் வீடு திரும்புகிறாள், நான் பண்டிகைக்கு வருகிறேன். பத்து ஆண்டு கழித்து யார் மேலே நிற்பார் என்று கேட்டால், தகுதிகாண் காலமே முடியாத நான் என்ன சொல்ல? வீட்டில் கடன் இல்லாத, கணக்குப் பதிவியலில் உண்மையான பிடிப்புள்ள பெண் என்றால் சி.ஏ. பக்கம் போகச் சொல்வேன்.

"அப்போ நாலு வருஷம் சிவில் படித்தது வீணா?" என்று கல்யாண வீடுகளில் கேட்கிறார்கள். எங்கள் கிளையில் வீட்டுக் கடனை அஸ்திவாரம், லிண்டல், கான்கிரீட் என்று கட்டம் கட்டமாகத்தான் விடுவிக்கிறோம். சென்ற மாதம் 900 சதுர அடி வீட்டுக்கு ஒரு மதிப்பீடு வந்தது. கம்பி ஏழு டன் என்று எழுதியிருந்தது. சதுர அடிக்கு நான்கு கிலோ என்பது அப்பாவின் கணக்கு. நான்கு டன்கூட வரக் கூடாது. அந்த வரியில் பென்சிலால் வட்டம் போட்டு மேலாளரிடம் காட்டினேன், மதிப்பீடு திரும்பிப் போயிற்று. அன்று இரவு தொலைபேசியில் சொன்னபோது அப்பா சிரித்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "ஏழு டன்னா? மக்களே, அதில் குழித்துறை ஆற்றுக்குப் பாலமே கட்டிவிடலாம்" என்றார்.