பீம்என்ஜி டிரைவ்: நசுக்கிப் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள்

யூடியூப் வீடியோக்களை மட்டும் பார்த்தவர்களுக்கு இது மலையுச்சியிலிருந்து கார்களை உருட்டிவிடும் கணினி விளையாட்டு. அதற்காக வாங்கினால் ஒரு வாரத்தில் சலித்துவிடும். மெக்கானிக் கண்ணோடு பார்த்தால்தான் ஜெர்மனியின் பிரேமன் நகரில் உருவாகும் இந்த சிமுலேட்டரின் அருமை தெரியும்.

இதில் ஒரு வண்டி என்பது எடையுள்ள நூற்றுக்கணக்கான புள்ளிகளும், அவற்றைப் பிணைக்கும் வளையக்கூடிய பீம்களும்தான். இந்தக் கட்டமைப்பு நொடிக்கு 2000 முறை கணக்கிடப்படுகிறது. நடைபாதை விளிம்பில் முன்சக்கரத்தை இடித்தால் சஸ்பென்ஷன் கை வளையும், டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மாறும், ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். ரேடியேட்டர் உடைந்தாலும் வண்டி உடனே நிற்காது. கூலன்ட் ஒழுகி, சூடு ஏறி, விடாமல் ஓட்டினால் எஞ்சினுக்குள் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டும் பிஸ்டன் ரிங்கும் போகும். நீண்ட இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்து வந்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காது. இதையெல்லாம் முழுசாக உணர, முதலில் கியர் முறையை எளிதாக்கப்பட்ட ஆர்கேடிலிருந்து நிஜ வண்டி போன்ற ரியலிஸ்டிக்குக்கு மாற்றுங்கள்.

கண்ட்ரோல், டபிள்யூ இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பாகங்களும் டியூனிங்கும் திறக்கும். ஒரே வளைவு, ஒரே வேகம், ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் என்று சோதியுங்கள். வண்டி சாய்வதைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பாரில் முன்னதை இறுக்கினால் வண்டி வளைவில் வெளியே தள்ளும்; பின்னதை இறுக்கினால் வால் சுழலும். டயரும் புள்ளி, பீம்களால் ஆனதே என்பதால் காற்றழுத்தம் வெறும் எண் இல்லை. குறைத்தால் பாறையில் பிடிப்பு கூடும், தார்ச் சாலையில் பக்கச்சுவர் மடிந்து ஸ்டீயரிங் தாமதமாகும்.

எஞ்சினில் கதை வேறு. எரிப்பு இங்கே கணக்கிடப்படுவதில்லை. ஒவ்வொரு ஆர்பிஎம்முக்கும் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எவ்வளவு டார்க் (சுழற்றும் திறன்) என்ற அட்டவணை, உராய்வு, சுழல் நிலைமம் அவ்வளவுதான். சிலிண்டரின் போர் (உள் விட்டம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), வால்வைத் திறக்கும் கேம் வரை நீங்களே தீர்மானிக்க கேம்ஷாஃப்ட் சாஃப்ட்வேரின் ஆட்டோமேஷன் என்ற கார் வடிவமைப்பு விளையாட்டு வேண்டும். அங்கே கம்ப்ரஷனையும் டர்போ அழுத்தத்தையும் சேர்த்து ஏற்றிவிட்டு குறைந்த ஆக்டேன் பெட்ரோல் கொடுத்தால் நாக்கிங் (எரிபொருள் நேரம் தவறித் தானாகப் பற்றுவது) வரும். தீப்பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கவேண்டும், பவர் கொஞ்சம் போகும். முடித்த காரை நேரே பீம்என்ஜிக்கு அனுப்பலாம். ஆனால் அப்படி வரும் கார்கள் மோதலில் நொறுங்கும் விதத்தில் பீம்என்ஜியின் சொந்தக் கார்களின் நுணுக்கம் இருக்காது.

வண்டியின் புள்ளிகளையும் பீம்களையும் விவரிக்கும் ஜேபீம் கோப்பைச் சொந்தமாக எழுதுவோருக்கு ஒன்று: வண்டி தோன்றியதும் நடுங்கி வெடித்துச் சிதறினால், எடை குறைந்த புள்ளியில் மிக விறைப்பான பீம்கள் இருக்கின்றன என்று பொருள். 2000 ஹெர்ட்ஸ் கணக்கால் அந்த அதிர்வைத் தொடர முடியாது. புள்ளியின் எடையைக் கூட்டுங்கள் அல்லது விறைப்பைக் குறையுங்கள். டேம்பிங்கை (அதிர்வைத் தணிக்கும் அளவு) ஏற்றிச் சமாளிக்கப் பார்த்தால் இன்னும் மோசமாகும்.

டயர் சூடு, தேய்மானம் என்று நீண்ட பந்தயம் ஓடுபவர்களுக்கு இது போதாது. பந்தய சிமுலேட்டர்கள் அதில் வெகுதூரம் முன்னால். கேரியர் மோடும் அரைவேக்காடுதான்.

காசு மிச்சமிருந்தால் கிராஃபிக்ஸ் கார்டைவிடப் பிராசசரில் போடுங்கள். ஒவ்வொரு வண்டியின் இயற்பியலும் பிராசசரில் தனித் திரெட்டில் (தனி வேலையாக) ஓடுகிறது. கோர் குறைந்த கணினியில் டிராஃபிக் வண்டிகளைக் கூட்டினால் படம் திக்கும். 2015 முதல் ஸ்டீமில் ஏர்லி ஆக்சஸில் (முழுதாக முடியும் முன்பே விற்பனையில்) இருப்பதால் பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் மாட்கள் (பிறர் செய்து சேர்க்கும் கூடுதல் கோப்புகள்) உடையும். அப்போது லாஞ்சரில் மாட்கள் இல்லாத சேஃப் மோடில் திறந்து பாருங்கள். அங்கே கோளாறு இல்லையென்றால் குற்றவாளி ஏதோவொரு மாட்.