பயிற்றுவிப்பாளர் வந்துவிட்டார், ஒப்பந்தம் எங்கே?

மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வரையான கரையோரப் பாடசாலைகளில் உதைபந்தாட்ட அணிக்கு வெளியிலிருந்து ஒருவரைத் தலைமைப் பயிற்றுவிப்பாளராக எடுக்கும் வழக்கம் உண்டு. காசு பழைய மாணவர் சங்கத்தினுடையது, அனுமதி அதிபருடையது, கூட நிற்பவர் பொறுப்பாசிரியர். வருகிறவர் பெரும்பாலும் கழக மட்டத்தில் நன்றாக ஆடியவர். ஆரம்ப நிலைச் சான்றிதழ் ஒன்று கையில் இருக்கும், யாருக்காவது துணையாக நின்ற பழக்கமும் இருக்கும். ஓர் அணியின் முழுப்பொறுப்பும் அவர் தலையில் விழுவது இதுவே முதல் தடவை. இந்த ஏற்பாட்டைக் காசு கொடுத்து வாங்கும் ஒரு சேவையாகவே எடைபோடுகிறோம். முடிவை முதலே சொல்லிவிடலாம்: மைதானத்தில் கிடைக்கும் பயிற்சி நல்லது, அதைச் சுற்றியுள்ள ஏற்பாடு மோசம். ஏற்பாடு மோசமாக இருப்பதால் நல்ல பயிற்சிக்குக் கொடுத்த காசும் பாதியில் கரைகிறது.

முதலில் நல்லதைப் பார்ப்போம். ஒழுங்காகச் செய்கிறவரிடம் கிடைப்பது கிழமைக்கு நான்கு நாள், நாளுக்கு 90 நிமிடம். அதில் முதல் 20 நிமிடம் ஃபிஃபா 11+ எனும் உடல் தயார்ப்படுத்தல்: 8 நிமிடம் மெதுவோட்டம், 10 நிமிடம் தசைவலுவும் சமநிலையும் துள்ளலும், 2 நிமிடம் வேக ஓட்டம், மொத்தம் 15 பயிற்சிகள். கிழமைக்கு இரண்டு தடவையாவது செய்தால்தான் முழங்காலும் கணுக்காலும் தப்பும். அடுத்து ஐந்துக்கு இரண்டு என்ற வட்டப் பந்துப் பரிமாற்றம் (ஐவர் வட்டமாக நின்று பந்தைக் கடத்த, நடுவில் நிற்கும் இருவர் பறிக்கப் பார்ப்பது) 15 நிமிடம். அதன் பிறகு 30 மீற்றருக்கு 20 மீற்றர் கட்டத்தில் நான்குக்கு நான்கு ஆட்டம், 4 நிமிடம் ஆடி 2 நிமிடம் ஓய்வு என்று நான்கு சுற்று. மிச்ச நேரம் கோணர், ஃபிரீ கிக், முழு மைதான ஆட்டம். கோல் காப்பாளருக்குத் தனி 20 நிமிடம். துணைக்கு ஆள் இல்லையென்றால் முதலில் வெட்டுப்படுவது இந்தப் பகுதிதான். கல்வி வலயப் போட்டியில் உயரப் பந்து ஒவ்வொன்றும் ஆபத்தாவதற்குக் காரணம் தேட வேறெங்கும் போகத் தேவையில்லை.

இந்தத் திட்டம் நடக்க என்ன வேண்டும்? 24 பிள்ளைகளுக்கு 12 பந்து. நாலைந்து பந்தை வைத்துக்கொண்டு நடத்தினால் பிள்ளைகள் வரிசையில் நின்றே நேரம் போகும். 13 வயதுக்கு மேல் ஐந்தாம் இலக்கப் பந்து: சுற்றளவு 68 முதல் 70 சென்ரிமீற்றர், எடை 410 முதல் 450 கிராம். அழுத்தத்தைக் கையால் அமுக்கிப் பார்ப்பது போதாது, சின்ன அளவி ஒன்று வாங்க வேண்டும். வெயிலில் கிடந்த பந்து காற்று விரிந்து இறுகும், அதே பந்து மாலையில் தளரும். காலையில் நிரப்பிய பந்தை மாலையில் அளந்து பார்க்காமல் கொடுத்தால், பிள்ளை பழகுவது வேறொரு பந்தோடு என்றே வைத்துக்கொள்ளலாம். கூம்பு 30, இரு நிறச் சட்டை நிறத்துக்கு 12, முதலுதவிப் பெட்டி, ஐஸ். பயிற்றுவிப்பாளரை எடுக்கும் காசில் ஒரு மாதப் பங்கை முதலிலேயே இதற்கு ஒதுக்காத சங்கம், சமையல்காரரை அழைத்துவிட்டு அடுப்பைக் கொடுக்காத வீடு.

நமது கரையோரத்துக்கென்று தனியாகத் தெரிந்திருக்க வேண்டியவையும் இருக்கின்றன. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பின்னேரம் மூன்று மணிப் பயிற்சி பிள்ளைகளை உலர்த்திவிடும். நாலேகாலுக்குத் தொடங்கி, 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை கால் லீற்றருக்குக் கிட்டத் தண்ணீர் குடிக்க விட வேண்டும். காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஆடும் பாதியில் கோல் கிக்கை உயர அடித்தால் பந்து நடுக்கோட்டைத் தாண்டாது. அந்தப் பாதிக்கென்றே, கோல் பக்கத்திலிருந்து பந்தைக் குறுகிய பரிமாற்றங்களால் வெளியே கொண்டுவருவதைத் தனியாகப் பழக்க வேண்டும். மணல் தரையில் ஓடிப் பழகிய கால்களைத் திடீரென இறுகிய தரைக்குக் கொண்டுபோனால் முன்கால் எலும்பு வலி வரும். முதல் இரண்டு கிழமை ஓட்டத்தைக் குறைத்துப் பந்தோடு வேலை கொடுப்பவர் விஷயம் தெரிந்தவர். முதல் நாளே மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவிடுபவரிடம் காரணம் கேளுங்கள்.

புதியவர்களிடம் வழக்கமாகக் காணும் பிழைகளும் உண்டு. முதல் பதினொருவரை மட்டும் பழக்குவது பெரிய பிழை. வினாப்பத்திரமும் ரியூசனும் வந்தவுடன் அந்தப் பதினொருவரில் நாலு பேர் காணாமல் போவார்கள், அவர்களின் இடத்தில் நிற்பவர்களுக்கு அணியின் முறையே தெரியாது. முதல் தோல்வியோடு வீரர்களை நிறுத்தும் அமைப்பை 4-4-2இலிருந்து 4-3-3க்கு மாற்றுவது இன்னொன்று. ஓர் ஆட்டமுறை பிள்ளைகளின் காலில் ஏற எட்டுக் கிழமையாவது வேண்டும், மூன்றாம் கிழமையில் மாற்றினால் இரண்டும் ஏறாது. வரவு, காயம், ஆட்டநேரம் எதையும் எழுதி வைக்காமல் விடுவது மூன்றாவது. இது அவருக்கே பாதகம். வருட முடிவில் சங்கக் கூட்டத்தில் தோல்விக் கணக்கு மட்டும் மேசையில் இருக்கும், அவர் செய்த வேலைக்கு ஒரு தாள் சாட்சியும் இருக்காது.

இனி சேவையின் பழுதான பக்கம். பாடசாலை என்ன எதிர்பார்க்கிறது என்று எங்கும் எழுதப்படுவதில்லை. "கப் ஒண்டு கொண்டுவாங்க சேர்" என்பதே முழு எதிர்பார்ப்பு. வலயத்தில் வென்று, மாகாணத்தில் வென்று, அகில இலங்கைக்குப் போகும் ஏணியில் எந்தப் படி இந்த வருடத்துக்குப் போதும் என்று யாரும் சொல்வதில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டும் மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, கல்குடா, பட்டிருப்பு என ஐந்து வலயங்கள். ஏறாவூர், காத்தான்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே பந்தோடு வளர்ந்தவர்கள். அவர்களோடு ஒரே வலயத்தில் மோத வேண்டிய அணிக்கும், போட்டி குறைந்த வலயத்து அணிக்கும் ஒரே எதிர்பார்ப்பை வைப்பது நியாயமில்லை.

இந்த விஷயத்தில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்போலைப் பார்ப்பது பயன்படும். அது முட்டைவடிவப் பந்தில் ஆடும் வேறு ஆட்டம், பணமும் நமக்கு எட்டாத அளவு. ஆனாலும் முதல் தடவைத் தலைமைப் பயிற்றுவிப்பாளரை எப்படி நடத்துகிறார்கள் என்பது அங்கே பகிரங்கப் பதிவு. நோட்ரடேம் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஃப்ரீமன் முதல் மூன்று ஆட்டத்தையும் தோற்றார், அதில் ஒன்று மார்ஷல் என்ற சின்ன அணியிடம் சொந்த மைதானத்திலேயே. அவரை வைத்திருந்தார்கள். 2022 பருவம் 9 வெற்றி, 4 தோல்வியோடு முடிந்தது. 2024 பருவத்தில் அந்த அணி தேசிய இறுதியாட்டம் வரை போனது. வேர்ஜினியா டெக்கில் பிரென்ட் பிரையும் பருவத்தின் முதல் மூன்று ஆட்டத்தையும் தோற்றார், ஆனால் அது அவரது நான்காவது பருவம். முந்திய மூன்று பருவங்களில் வெற்றி-தோல்விக் கணக்கு 3-8, 7-6, 6-7. 2025 செப்ரெம்பர் 14இல் அனுப்பப்பட்டார். எண்ணிக்கை ஒன்றே, தீர்ப்பு வேறு. ஒருவர் இன்னும் தொடங்கவேயில்லை, மற்றவருக்குக் காட்டுவதற்கு நேரம் கொடுக்கப்பட்டிருந்தது. கிளெம்சனின் டாபோ ஸ்வினி 2010இல் 6-7. அந்த வருடம் அனுப்பியிருந்தால் 2016, 2018 தேசியப் பட்டங்கள் இரண்டும் கிளெம்சனுக்குக் கிடைத்திருக்குமா? ஜோர்ஜியாவின் கெர்பி ஸ்மார்ட் முதல் பருவத்தில் 8-5, பிறகு 2021, 2022 பட்டங்கள்.

அங்கேயும் பொறுமை குறைந்து வருகிறது. காரணம் தெளிவானது. 2021 முதல் வீரர்கள் ஒரு தடவை தடையின்றிப் பல்கலைக்கழகம் மாறலாம் என்றானது, 2024இல் அந்த எண்ணிக்கை வரம்பும் போனது. அதே 2021 ஜூலையில் பெயர், உருவத்துக்கு வீரர்கள் பணம் பெறும் வழியும் திறந்தது. ஒரு பருவம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் பாதி அணியையே மாற்றலாம் என்றபின், "பிள்ளைகள் எனக்கு முன்னால் இருந்தவர் எடுத்தவர்கள்" என்ற சமாதானம் அங்கே செல்லாது. நமது பாடசாலைகளில் அது முழுக்கச் செல்லும். தரம் 6இல் சேர்ந்த பிள்ளைதான் 18 வயது அணியில் ஆடுகிறது. முதல் வருடப் பயிற்றுவிப்பாளர் கையில் இருப்பது முழுக்க முன்னவரின் வளர்ப்பு. அமெரிக்க அவசரத்தை அமெரிக்க வசதி இல்லாமல் இங்கே இறக்குமதி செய்வது அநியாயம்.

அங்கே அனுப்புகிறவர்களுக்கு விலையும் உண்டு. ரெக்சாஸ் ஏ அன்ட் எம் 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷரை நிறுத்தியபோது ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டியது 75 மில்லியன் டொலருக்கு மேல். அவர் புதியவர் அல்ல, ஆனால் தாளில் எழுதிய சொல்லுக்கு என்ன வலு என்பதை அது காட்டுகிறது. இங்கே ஒரு தொலைபேசி அழைப்போடு முடிகிறது. 1971ஆம் ஆண்டின் வேலை முடிவுறுத்தல் சட்டம் காப்பாற்றும் என்று நம்பக்கூடாது: 15 பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவருக்கு அது பொருந்தாது, பழைய மாணவர் சங்கங்கள் பெரும்பாலும் அந்த வரம்புக்குள்ளேயே நிற்கும். ஆகவே இரு தரப்பும் கையெழுத்திட்ட தாள் ஒன்றே பாதுகாப்பு.

அந்தத் தாளில் இருக்க வேண்டியவை இரண்டு பக்கத்துக்கு மேல் போகாது. காலம் மூன்று வருடம். முதல் வருடத்துக்கு வெற்றி இலக்கு வைக்காதீர்கள். பயிற்சி வரவு நூற்றுக்கு எண்பது, கடைசி 15 நிமிடத்தில் வாங்கிய கோல்கள் குறைதல், 16 வயது அணியிலிருந்து குறைந்தது நாலு பேர் மேலணிப் பயிற்சிக்கு ஏறுதல் ஆகியவற்றைக் கேளுங்கள். இரண்டாம் வருடத்தில் வலய அரையிறுதி. மாகாணம் பற்றிப் பேச்சு மூன்றாம் வருடத்தில். நிறுத்துவதானால் மூன்று மாத முன்னறிவித்தல் அல்லது மூன்று மாதக் கொடுப்பனவு, போட்டித் தொடர் நடக்கும்போது நிறுத்த முடியாது. கொடுப்பனவு மாதத்தின் குறித்த திகதியில். பிந்துகிற கொடுப்பனவுதான் இந்தச் சேவையின் மிகப் பெரிய நோய்: இரண்டு மாதம் காசு வராத ஒருவர் மூன்றாம் மாதம் வேறு கழகத்துக்கும் நேரம் கொடுக்கத் தொடங்குவார், அவரைக் குறை சொல்ல முடியாது.

அணித்தெரிவு யாருடையது என்று ஒரு வரி கட்டாயம். சங்கத்தில் பெரிய நன்கொடையாளரின் மகன் இடதுபக்க வீரனாக வருவது இந்த வரி இல்லாத இடங்களில்தான். பயிற்றுவிப்பாளர் ஒருவருக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், பொறுப்பாசிரியருக்கு. அதிபர், சங்கத் தலைவர், வெளிநாட்டிலிருந்து வட்சப்பில் ஆட்டம் பார்க்கும் பழைய மாணவர் என்று மூன்று பக்கமும் பதில் சொல்ல வைத்தால் வேலை நடக்காது. மைதான நேரத்தையும் எழுதுங்கள், கிரிக்கெட் பருவத்தில் அது தானாகவே பறிபோகும். பயிற்சி நேரம் முழுவதும் ஆசிரியர் ஒருவர் மைதானத்தில் இருக்க வேண்டும், இது பிள்ளைகளின் பாதுகாப்புக்கு. பெண்கள் அணியையும் பார்க்கச் சொல்வதானால் அதற்குத் தனி நேரமும் தனிக் கொடுப்பனவும் வேண்டும். இப்போது பல இடங்களில் அது "அப்படியே அதையும் கொஞ்சம் பாருங்க" என்று இலவசமாகச் சேர்க்கப்படுகிறது, அந்தப் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது களைத்துப்போன ஒரு மனிதரின் கடைசி அரைமணி.

மட்டக்களப்பில் வெபர் அடிகளார் பெயரில் ஒரு மைதானமே இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த அந்த யேசு சபைக் குரு பல பத்தாண்டுகள் இந்த ஊரிலேயே நின்றவர். நிலைத்து நிற்கும் ஒருவரால் ஒரு ஊரின் விளையாட்டுக்கு என்ன ஆகும் என்று நமக்கு வெளியிலிருந்து உதாரணம் தேவையில்லை.

யாருக்கு இந்தச் சேவை பொருந்தும்? 16 வயதுப் பிரிவிலும் குறைந்தது 18 பிள்ளைகள் இருக்கிற, கிழமைக்கு நாலு மாலை மைதானம் கொடுக்கக்கூடிய, மூன்று வருடக் கொடுப்பனவில் ஒரு வருடத்தையாவது வங்கியில் முன்கூட்டியே வைத்திருக்கிற பாடசாலைக்குத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். 18 வயது அணி மட்டும் இருந்து கீழே ஒன்றும் இல்லையென்றால் இப்போது எடுக்க வேண்டாம். அதே காசில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவரைப் பயிற்றுவிப்பாளர் பாடநெறிக்கு அனுப்பி, தரம் 6, 7 பிள்ளைகளிடமிருந்து தொடங்குவது மேல். போட்டிக்கு ஆறு கிழமை இருக்கும்போது ஆள் தேடுவது எல்லாப் பாடசாலைக்கும் நட்டம். மாரி மழையில் மைதானம் தண்ணீரில் கிடக்கும் காலத்திலேயே ஆளைப் பேசி, தாளில் கையெழுத்து வாங்கி, மண்டபத்தில் பந்துக் கட்டுப்பாட்டையும் ஆட்ட விதிகளையும் தொடங்கிவிடுங்கள். பொங்கல் கழிந்து தரை காயும்போது அவருக்குப் பிள்ளைகளின் பெயர், யாருக்கு எந்தக் கால், யாருக்கு எந்த மாதம் பரீட்சை என்பதெல்லாம் தெரிந்திருக்கும்.